பி 1

திறப்பு என்னிடம்தான் இருக்கிறது.
முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றின் பின்பக்கம்,
கடற்காற்றுப் பட்டுப்பட்டுப் பூட்டே துருவாகிப்போன அறை.
உள்ளே கசிப்புக் கான்கள். அடிபிடியில் உடைந்த ஹெல்மெட்.
யாரையோ வெட்டிய கத்தி, பேப்பரில் சுற்றி,
அரக்கு முத்திரை இன்னும் உடையாமல்.
மணல் ஏற்றிப் பிடிபட்ட உழவு இயந்திரம் உள்ளே கொள்ளாது;
வெளியே நிற்கிறது, பெட்டிக்குள் நாயுருவி வளர்த்துக்கொண்டு.

மூலையில் ஒரு நீர்ப்பம்பி.
கழுத்தில் அட்டை: பி 1.

அது குணநாயகியின் பம்பி.
எனக்குத் தெரியும். கீர்த்தனனுக்குத் தெரியும், எடுத்தவனே அவன்தானே.
முத்தையன்கட்டில் நாய்க்குக்கூடத் தெரியும்.
நீதிமன்றுக்குத்தான் இன்னும் தெரியவில்லை;
தெரிந்துகொள்ள அதற்கொரு ஒழுங்கு இருக்கிறது.

முதல் தவணையில் கைரேகை அறிக்கை கொழும்பிலிருந்து வரவில்லை.
பிறகு, பிடித்த பொலிஸ்காரர் அம்பாந்தோட்டைக்கு மாற்றலாகிப் போனார்.
அழைப்பாணை போனது, ஆள் லீவில்.
ஒருநாள் எல்லோரும் வந்திருந்தார்கள்,
நீதவான் மட்டும் பயிற்சிக்குப் போயிருந்தார்.
குணநாயகி முதல் பஸ்ஸில் வருவாள்,
விறாந்தையில் இருந்து பகல் முழுக்கப் பெயருக்குக் காது கொடுத்து,
நாலு மணிக்கு ஒரு திகதியை வாங்கிக்கொண்டு போவாள்.
அந்த ஆவணியில் கச்சான் கருகியது.
அடுத்த வருடம் அவள் விதைக்கவே இல்லை.

வழக்கு முடியும்வரை பொருளைப் பிணைமுறியில் எடுக்கலாமே என்றேன்.
எடுக்கலாம். மனுப் போட வேண்டும்.
மனுவோடு பற்றுச்சீட்டு வேண்டும்.
பம்பியோ மீள்குடியேறிய காலத்தில் ஒரு நிறுவனம் கொடுத்தது;
நிறுவனம் பலகையைக் கழற்றிக்கொண்டு எப்போதோ போய்விட்டது.
"தரேக்க படம் எடுத்தவை, தம்பி" என்றாள்.
"அந்தப் படத்தில நானும் பம்பியும் நிக்கிறம்.
படம் ஆரிட்ட இருக்கோ."

மார்கழித் தவணை ஒன்றில் கடைசிப் பஸ் போய்விட்டது.
வாசலில் கீர்த்தனன் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டு நின்றான்.
பிணையில் நிற்பவன் சாட்சியோடு கதைக்கக் கூடாது என்பது நிபந்தனை.
கதைக்கவில்லை.
அவள் ஏறி இருந்தாள்.
ஒட்டுசுட்டான் றோட்டால் நனைந்தபடி
இரண்டு பேரும் கதைக்காமலே வீடு போனார்கள்.

பதினேழாம் தவணையில் விசாரணைக்கு எடுத்தார்கள்.
சட்டத்தரணி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.
முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டது;
அடியில் அவள் கையொப்பம், வாசிக்காமல் வைத்தது.
அதில் இயந்திர இலக்கத்தின் கடைசி எண் ஒன்று.
பம்பியில் ஏழு.
அவ்வளவுதான். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு.
விடுதலையான கீர்த்தனன் இறங்கத் தெரியாமல்
கூட்டுக்குள்ளேயே கொஞ்சநேரம் நின்றான்.

இலக்கம் பொருந்தாத பம்பி அவளுடையது அல்ல.
அவனுடையதும் அல்ல; அவன் கேட்கவுமில்லை.
உரிமை காட்டுவார் இல்லையென்றால் அரசுடைமை, பிறகு ஏலம்.
சட்டத்தில் பிழை பிடிக்க எனக்கு வராது.
ஒவ்வொரு வரியையும் ஏதோவொரு அநியாயத்தைத் தடுக்கத்தான் எழுதியிருக்கிறார்கள்.
வாசிக்கும்போது தெரிகிறது.

என் குற்றம் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.
சான்றுப்பொருளில் கை வைக்கக் கூடாது.
மூன்று வருடமாக, மாதக் கடைசி வெள்ளியில்,
எல்லோரும் போனபின்,
கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கயிற்றை இழுத்திருக்கிறேன்.
இறுகிப்போய்விடக் கூடாதென்று.
ஒரு நிமிடம்கூட இராது.
கிணறில்லாத அறைக்குள்
இரைந்துவிட்டு நிற்கும்.

இன்று காலை ஏல அறிவித்தலை வாசலில் ஒட்டினேன்.
பசை காயமுன்னம் பின்னால் ஒருவன் வந்து நின்று வாசித்தான்.
கீர்த்தனன்.
"எவ்வளவுக்குப் போகும், அண்ணை?" என்றான்.